மெயின் ஏன் காத்திருந்தது?

சகாயமேரியிடம் பாடம் கேட்க வந்தவர்கள் எத்தனையோ பேர். அவளைவிட இருபது வயது மூத்தவராக வந்தவர் இருளப்பன் ஒருவர்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, இடுப்பில் பிள்ளையோடு அவள் வீடு திரும்பியபோது, வீட்டை ஒட்டிய பட்டறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி இருந்தார்.

"பழம் எதுக்குண்ணே?"

"படிக்க வரையில வெறுங்கையோட வரலாமா, மேடம்?"

"யாரு படிக்கப் போறது?"

"நான்தான்."

சகாயமேரி சிரிக்கப் போனாள். பிறகு ஆள் அடையாளம் தெரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"வேடசந்தூர் ரோட்டு மில்லுதானே நீங்க? ஹெட் எலக்ட்ரீசியன்."

"ஆமா மேடம்."

"மேடம்னு கூப்பிடாதீங்க. வீட்டு வாடகை கேக்க வந்தவ மாதிரி இருக்கு."

"அப்ப டீச்சர்."

"முப்பது வருச சர்வீஸ் உங்களுக்கு. நான் என்னத்தண்ணே புதுசா சொல்லிக் குடுக்கப் போறேன்?"

"ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் தெரிஞ்சாப் போதும்."

"கேளுங்க."

"மெயின் ஏன் காத்திருந்துச்சு?"

அது சகாயமேரியே கேட்ட கேள்விதான். ஒரு மாதத்துக்கு முன்பு, அவர் மில்லில், அவர் பக்கத்தில் நின்று கேட்டது.

அந்த நூல் மில்லின் மெயின் பிரேக்கர் ஒரு சின்ன பீரோ அளவு இருக்கும். மில்லுக்குள் போகிற கரண்டு முழுவதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி உண்டு. டிரிப் யூனிட் என்பார்கள். எவ்வளவு கரண்டு ஓடுகிறது, எதுவரை பொறுப்பது, எப்போது வெட்டிவிடுவது என்று யோசிப்பது அந்தப் பெட்டி. பிரேக்கர் வெறும் கை. பெட்டிதான் மூளை.

நாலு மாதத்துக்கு முன்பு, காலை ஷிப்டில், மெயின் பேனலுக்குள் கருகல் வாடை அடித்தது. எலக்ட்ரீசியன் செல்லையா பின்கதவைத் திறந்து, லூசாகிக் கிடந்த போல்ட்டை முறுக்கப் போனான். ஸ்பேனர் வழுக்கிச் செம்புப் பட்டைகளின் மேல் விழுந்தது. உள்ளேயிருந்து நெருப்பு வெளியே வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். நாலாம் நாள் இல்லை.

இருளப்பனுக்குக் கீழே பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் அவன். சொந்தம் எதுவும் கிடையாது. மாமா, மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமாகிப் போனவன்.

அதற்குப் பிறகுதான் எல்லா பிரேக்கரையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி மில்லில் சகாயமேரியைக் கூப்பிட்டார்கள். மில்லு, ரைஸ் மில்லு, ஆஸ்பத்திரி என்று ஊர் ஊராகப் போய் பிரேக்கரைச் சோதிப்பதுதான் அவள் தொழில். டிரிப் யூனிட் தன் ஞாபகத்தில் எழுதி வைத்திருந்ததை அவள் வாசித்தபோது, டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் இருளப்பன்.

"பாயிண்ட் நாலு செகண்டு. இது உடனே வெட்டியிருக்கணுமே. ஏன் காத்திருந்துச்சு?" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து இருளப்பனை ஆபீசில் கூப்பிட்டார்கள். திரும்பி வருவதற்குள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. மீன் முள் மாதிரி அவர் தொண்டையிலேயே நின்றது.

மில்லு போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். விபத்துக்கு ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்று இரண்டே வரி.

இருளப்பன் சனிக்கிழமை தவறாமல் செல்லையா வீட்டுக்குப் போய் வருவார். ஒரு நாள் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அவரிடம் நேராகவே கேட்டாள்.

"அண்ணே, ஊரு சொல்றதை நான் நம்பல. மில்லு சொல்றதையும் நம்பல. நீங்க சொல்லுங்க. அந்த மனுசன் தப்பா? பெரியவன் கேக்குறான். உங்கப்பன் தூங்கிக்கிட்டே வேலை பாத்தாராடான்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்களாம். ஒத்த அடி அடிச்சுட்டு வந்து நிக்கிறான். நீங்க என்ன சொல்றீங்களோ அதை அவன்கிட்ட அப்படியே சொல்லிர்றேன்."

விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். விசாரிக்கத்தான் இப்போது பழத்தோடு நிற்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சகாயமேரி பழச்சீப்பை வாங்கிக்கொண்டாள்.

"பதில் ஒரு வரிதாண்ணே. இன்னைக்குச் சொன்னா அந்த ஒரு வரி மட்டும்தான் உங்களுக்குக் கெடைக்கும்."

"வேற என்ன வேணும் டீச்சர்?"

"உள்ள வாங்க," என்றாள்.

*

பட்டறைக்குள் வந்ததும் அவள் பிள்ளையை அவரிடம் நீட்டினாள்.

"இவளைப் பிடிங்க."

ரோஸ்லினுக்கு ஒன்றரை வயது. கைக்கு வந்ததும் வராததுமாக அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"கனக்குதாண்ணே?"

"பூ மாதிரி இருக்கு."

அவள் தன்பாட்டுக்கு ஒரு பிரேக்கரைக் கழற்ற ஆரம்பித்தாள். கால் மணி நேரம் போயிற்று.

"இப்ப?"

"லேசா கை கடுக்குது."

"இறக்கிறாதீங்க."

அரை மணி நேரத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, மூலையில் இருந்த கேஸ் சிலிண்டரைக் காட்டினாள். முந்தின நாள்தான் வந்து இறங்கிய முழுச் சிலிண்டர்.

"அதைத் தூக்குங்க."

தூக்கினார். தூக்கிய வேகத்தில் இறக்கினார்.

"ஏண்ணே, பிள்ளைய அரை மணி நேரம் வெச்சிருந்தீங்க. இதை ஒரு நிமிசம் வெச்சிருக்கக் கூடாதா?"

"இடுப்பு போயிரும் டீச்சர். அப்புறம் எம் பொண்டாட்டி உங்களைத்தான் வந்து கேப்பா."

"டிரிப் யூனிட்டும் இப்படித்தான். கரண்டு கொஞ்சம் கூடினா ரொம்ப நேரம் பொறுக்கும். ரொம்பக் கூடினா கொஞ்ச நேரம்தான் பொறுக்கும்."

இருளப்பன் இடுப்பைப் பிடித்தபடி யோசித்தார்.

"அன்னைக்கு ஓடினது ரொம்ப ரொம்பக் கூடுதல்."

"ஆமா."

"அப்ப ஏன் பாயிண்ட் நாலு?"

"அடுத்த ஞாயிறு வாங்கண்ணே."

*

அடுத்த ஞாயிறு அவள் எந்தச் சாமானையும் தொடவில்லை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க மில்லு பஸ்ஸுல காலையில எத்தனை பேரு வருவாங்க?"

"அறுபது."

"சாயந்தரம் திரும்பிப் போறது?"

"அறுபதுதான். டிரைவர் தலையை எண்ணித்தான் வண்டிய எடுப்பாரு."

"அம்பத்தொம்பது இருந்தா?"

"எடுக்க மாட்டாரு."

"டிரிப் யூனிட்டும் எண்ணிக்கிட்டே இருக்கும். போன கரண்டு அத்தனையும் திரும்பி வந்துச்சான்னு பாக்கும். எர்த் பால்ட்டைப் பிடிக்கிறது அப்படித்தான். போனது திரும்பி வரலைன்னா என்ன அர்த்தம்?"

"வழியில எங்கயோ எறங்கிருச்சு."

"எங்க?"

இருளப்பன் வாயைத் திறந்தார். எலக்ட்ரீசியன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படித்த பதில் அது.

"மண்ணுக்குள்ள," என்றார்.

சொன்ன பிறகு அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. செல்லையாவை மண்ணில் புதைத்த மறுநாள் சாயந்தரம், பஸ் டிரைவர் பழக்க தோஷத்தில் அவனுக்காக ஹாரன் அடித்தார். இரண்டு தரம் அடித்தார். மூன்றாவது தரம் அடிக்கக் கை போனபோதுதான் ஞாபகம் வந்து, ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டார். இருளப்பன் அன்று படிக்கட்டில் நின்றிருந்தார்.

காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

சகாயமேரி தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சூடு பண்ணிக் கொண்டுவந்து மறுபடியும் கொடுத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

*

மூன்றாவது ஞாயிறு, மேசை மேல் இரண்டு பிரேக்கர்கள் இருந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் மெல்லிசாக ஒரு ஜோடி ஒயர்.

"மேல இருக்கிறது மெயின். கீழ இருக்கிறது மில்லுக்குள்ள ஒரு ஷெட்டோடது. ஷெட்டுக்குள்ள ஷார்ட் ஆனா யாரு வெட்டணும்?"

"ஷெட்டுதான். மெயின் வெட்டினா மில்லே நின்னுரும். அத்தனை மெஷின்லயும் நூலு அந்துரும். பொம்பளப் பிள்ளைக ஒவ்வொரு இழையா ஒட்ட வைக்க அரை ஷிப்டு ஆகும். மேனேஜர் குதிப்பாரு."

"அந்த ஷார்ட் கரண்டு மெயினைத் தாண்டித்தானே போகுது. மெயினும் அதைப் பாக்குது. கை நீட்டாம பொறுக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இருளப்பனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்.

அந்த நேரம் உள்ளே பிள்ளை அழுதது. தூங்கி எழுந்த அழுகை.

சகாயமேரி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை. காதை மட்டும் உள்பக்கம் கொடுத்தாள்.

"நான் பாத்துக்கறேன்க்கா," என்று அவள் தங்கை லீமாவின் குரல் வந்தது.

சகாயமேரி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து திருகினாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். உள்ளே மறுபடி அழுகை. அவள் மறுபடியும் கையை நிறுத்தினாள். காதைக் கொடுத்தாள். குரல் வரவில்லை.

ஒரு ஆள் அவ்வளவு வேகமாக எழுந்து இருளப்பன் பார்த்ததில்லை. ஸ்டூல் ஒரு பக்கம், ஸ்க்ரூடிரைவர் ஒரு பக்கம். போன சுருக்கில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். பிள்ளையின் நெற்றியில் சுண்டைக்காய் அளவு வீக்கம்.

"லீமா துணி காயப்போடப் போயிட்டா. அதுக்குள்ள இந்தக் கழுதை கட்டில்ல இருந்து தானா எறங்கப் பாத்திருக்கு."

வீக்கத்தில் ஊதிவிட்டாள். பிள்ளை இருளப்பனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, மீசைக்குக் கையை நீட்டியது.

"முதல் தடவை அழுதப்ப ஏன் டீச்சர் எந்திரிக்கல?"

"லீமா குரல் குடுத்தாளே."

"ரெண்டாவது தடவை?"

"குரல் வரல."

சொல்லிவிட்டு அவள் அவரையே பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் பார்த்தாள். இருளப்பனும் பார்த்தார். கீழ் பிரேக்கரில் இருந்து மேல் பிரேக்கருக்குப் போகும் அந்த மெல்லிசு ஒயர்.

"இது..."

"லீமா," என்றாள். "ஷெட்டு ஷார்ட்டைப் பாத்ததும் இது வழியா குரல் குடுக்கும், நான் பாத்துக்கறேன்னு. மெயின் பொறுக்கும். ஷெட்டால முடியலைன்னா மட்டும் பாயிண்ட் நாலு செகண்டு கழிச்சு மெயின் வெட்டும். குரலே வரலைன்னா கீழ யாருமே பாக்கலைன்னு அர்த்தம். மெயின் கண்ணிமைக்கிற நேரம்கூட நிக்காது."

இருளப்பன் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு படியாகக் காலை வைத்துப் பார்த்து இறங்குகிறவர் மாதிரி.

"செல்லையா ஸ்பேனர் விழுந்தது மெயின் பேனலுக்குள்ளயே."

"ஆமா."

"கீழ எந்த ஷெட்டுக்கும் அது தெரியாது."

"தெரியாது."

"அப்ப ஒரு குரலும் வந்திருக்காது."

"வந்திருக்கக் கூடாதுண்ணே."

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் இருளப்பன் அந்த மெல்லிசு ஒயரை விரலால் தொட்டார்.

"டீச்சர். லீமாப் பொண்ணு வீட்டுலயே இல்ல. ஊருக்குப் போயிருச்சு. ஆனா யாரோ ஒருத்தன் அது குரலைப் போன்ல பிடிச்சு வெச்சு, நான் பாத்துக்கறேன்க்கா, நான் பாத்துக்கறேன்க்கான்னு ஓட விட்டுட்டுப் போயிட்டான். அப்ப பிள்ளை அழுதா?"

சகாயமேரி பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் இங்க ஒக்காந்து வேலை பாத்துக்கிட்டிருப்பேண்ணே," என்றாள்.

*

அப்புறம் இருளப்பன் சொன்னார்.

போன வருடம் எலி கடித்து, ஷெட்டுகளில் இருந்து மெயினுக்கு வரும் அந்த மெல்லிசு ஒயர்கள் அந்துபோய்க் கிடந்தன. அது என்ன ஒயர் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஷெட்டில் சின்ன ஷார்ட் ஆனாலும் மெயின் விழுந்தது. ஒரே மாதத்தில் அஞ்சு தடவை மில்லு நின்றது. முப்பது வருட ஆளு, ஒரு மெயினைப் பிடித்து நிறுத்தத் தெரியவில்லையே என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

பழனி ரோட்டு மில்லில் வேலை பார்க்கும் ஒருவன் கை வைத்தியம் மாதிரி ஒன்று சொன்னான். டிரிப் யூனிட்டுக்குப் பின்னால் இந்த முனையையும் அந்த முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடு, மெயின் வாயே திறக்காது என்றான்.

"சேத்தேன். அன்னையில இருந்து மெயின் விழல. ஏன் விழலைன்னு நான் கேக்கல டீச்சர். ஏன் விழுதுன்னு மட்டும்தான் அதுவரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அந்த ஆயுத பூசைக்கு அவரை முன்னால் கூப்பிட்டு சால்வை போர்த்தினார்கள். இருளப்பன் இருக்கும்வரை மெயின் விழாது என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். கூட்டத்தில் இருந்து விசில் அடித்தவன் செல்லையா.

"அந்த ஒயரை நாலு விரக்கடை நீளத்துக்கு வெட்டி, ரெண்டு முனையையும் பல்லால சீவி, மேல நின்ன என் கையில குடுத்ததும் அவன்தான். 'மாமா, இன்னியோட உங்களைப் பிடிச்ச சனி விட்டுச்சு'ன்னான்."

சகாயமேரி எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே மஞ்சள் ஒயர் ஒரு துண்டு. ஒரு முனையில் பல் தடம் இருந்தது.

"உங்களை ஆபீசுல கூப்பிட்ட பிறகுதான் பின்பக்கத்தைத் தொறந்தேன். ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். பதினோராம் பக்கம். அதுக்குப் பிறகு உங்க மில்லுல இருந்து எனக்கு ஒரு போன்கூட வரல."

இருளப்பன் கவரைத் தொடவில்லை.

"வந்த அன்னைக்கே இதை எடுத்துக் காட்டியிருக்கலாமே டீச்சர்."

"காட்டியிருந்தா, ஒரு ஒயருதான் காரணமாம்னு கேட்டுட்டுப் போயிருப்பீங்க."

இருளப்பன் தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் ரிப்போர்ட்டு போயிருக்கும்ல. அவரு படிப்பாரு. பதினோராம் பக்கத்தைப் பாத்துட்டு அவரே மில்லைக் கேப்பாரு. அவரு விட்டாலும் யூனியன்ல கேப்பாங்க. படிச்சவங்க. எப்படியும் யாராச்சும் ஒருத்தர் பஞ்சவர்ணத்துக்கிட்ட சொல்லத்தானே போறாங்க. நான் போயி..."

சகாயமேரி ஒரு பழத்தை உரித்து, பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"குரல் வந்துச்சாண்ணே?" என்றாள்.

இருளப்பன் எழுந்து வெளியே போனார்.

*

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தார். சலவை வேட்டி இல்லை. கையில் பழமும் இல்லை. முகத்தில் ஒரு வாரத் தாடி. ரோஸ்லின் அவரைத் தெரியாத மாதிரி பார்த்துவிட்டு, லீமாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"உக்காருங்க."

"முதல்ல இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு என் கைப்பட எழுதிக் குடுத்தேன். அதுக்கப்புறம் பஞ்சவர்ணத்து வீட்டுக்குப் போனேன். வெங்காயம் ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. உங்க வீட்டுக்காரன் மேல ஒரு தப்பும் இல்ல, நான் வெச்ச ஒயராலதான் மெயின் நேரத்துக்கு வெட்டல, வெட்டியிருந்தா அவன் கையில காயத்தோட போயிருக்கும்னு சொன்னேன்."

"ம்."

"அவன் சீவிக் குடுத்ததை மட்டும் சொல்லல."

சகாயமேரி ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"வெங்காயத்தை வெச்சுட்டு மகனைக் கூப்பிட்டா. நான் சொல்றேன்னு சொன்னவ, அவளாச் சொல்லல. 'மாமா என்னமோ சொல்றாரு, நின்னு கேளு'ன்னா. மறுபடி ஒரு தடவை, முதல்ல இருந்து, அந்தப் பையன் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். 'அப்ப அப்பா சரியாத்தான் வேலை பாத்தாரா?'ன்னான். ஆமாய்யான்னேன். அவ்வளவுதான். உள்ள போயிட்டான்."

லீமா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"பஞ்சவர்ணம் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கிட்டா. அப்புறம், 'நீங்க கெளம்புங்க. இனிமே சனிக்கெழமை சனிக்கெழமை வராதீங்க'ன்னா. பதினெட்டு வருசமா அண்ணேன்னு கூப்பிட்ட பொண்ணு டீச்சர். அன்னைக்குக் கூப்பிடல."

மில்லிலும் விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அதே மேனேஜர்தான். உம்மை யாருய்யா வாயைத் திறக்கச் சொன்னது என்று கேட்டாராம். போர்டில் இருந்த காகிதம் மட்டும் இப்போது இல்லையாம். கிழித்தது மில்லா, கூட வேலை பார்க்கும் பையன்களா, தெரியாது.

இதையெல்லாம் இருளப்பன் மேலோட்டமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் கேட்க வந்தது வேறு.

"சொல்லிட்டா எறங்கிரும்னு நெனைச்சேன் டீச்சர். நியாயமா எறங்கணும்ல. பையன் இப்ப தலை நிமிந்து பள்ளிக்கூடம் போறானாம், அது வரைக்கும் சந்தோசம். ஆனா எனக்கு இங்க," நெஞ்சில் கையை வைத்தார், "கூடித்தான் போச்சு. சோறு எறங்க மாட்டேங்குது. சரியானதைத்தானே செஞ்சேன். அப்புறம் ஏன் இப்படி எரியுது?"

சகாயமேரி எழுந்தாள். பட்டறையின் கடைசியில், சாக்குப் போட்டு மூடிய ஒரு பிரேக்கர் முந்தா நாள்தான் வந்து இறங்கியிருந்தது. சாக்கை எடுத்தாள். வெளியே பெயின்ட் கூட உரியவில்லை, புதுசு மாதிரி இருந்தது. நாலு திருகாணியைக் கழற்றி, உள் நெருப்பை அணைக்கும் மேல் அறையைத் தூக்கி ஒதுக்கி வைத்தாள்.

"வந்து பாருங்க."

இருளப்பன் குனிந்து பார்த்தார். உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே கரி. செம்பு முனைகள் பொங்கி, உருகி, பொத்துப்போய் இருந்தன. விரலை வைத்துப் பார்த்தார். கருப்பு ஒட்டிக்கொண்டது.

"இதுவும் நேரத்துக்கு வெட்டாததா டீச்சர்?"

"இல்லண்ணே. ஒரு ரைஸ் மில்லுல, சொல்லி வெச்ச நேரத்துக்கு வெட்டுனது. அப்ப பேனல் முன்னால ரெண்டு பேரு நின்னிருக்காங்க. மீசை முடிகூடக் கருகல."

"அப்புறம் எதுக்கு இதுக்குள்ள இம்புட்டு எரிஞ்சு கெடக்கு?"

சகாயமேரி ஒரு பழைய துணியை எடுத்து, அவர் கரி விரலைத் துடைத்துவிட்டாள்.

"வெட்டும்போது அந்த நெருப்பு எங்கயாச்சும் போகணும்லண்ணே."